பழைய உரிமையாளர் வாங்கிய திட்ட அனுமதி, மனையை வாங்கியவருக்கு வருமா?

கேள்வி: திருவள்ளூர் மாவட்டத்தில் சி.எம்.டி.ஏ. (சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம்) எல்லைக்குள் 2,400 சதுர அடி மனையைக் கிரயம் வாங்கினேன். விற்றவருக்கு அங்கே மொத்தம் 4,800 சதுர அடி (கிழக்கு மேற்கு 80 அடி, தெற்கு வடக்கு 60 அடி) இருந்தது. கிழக்குப் பாதியை எனக்கு விற்றுவிட்டு, மேற்குப் பாதியைத் தன்னிடம் வைத்துக்கொண்டார். விற்பதற்கு முன்பே தரைத்தளத்தில் கடையும் மேலே இரண்டு தளங்களில் வீடுகளும் கட்ட அவர் பெயரில் அனுமதி வாங்கி, என் பாதியில் பிளிந்த் பீம் (அடித்தளத்துக்கு மேல் தரைமட்டத்தில் வரும் கான்கிரீட் உத்தரம்) வரை கட்டியும் வைத்திருந்தார். அனுமதிக் காலம் முடிய இன்னும் 14 மாதங்கள் உள்ளன. உள்ளாட்சி அலுவலகத்தில் கேட்டால், “அனுமதி வேறொருவர் பெயரில் இருக்கிறது, புதிதாக விண்ணப்பியுங்கள்” என்கிறார்கள். விற்றவரோ, “ஒரு பவர் (அதிகாரப் பத்திரம்) எழுதித் தருகிறேன், என் பெயரிலேயே கட்டி முடித்துவிடுங்கள்” என்கிறார். முன்பு இந்த இடத்தின் நில உபயோகத்தைக் குடியிருப்பிலிருந்து வணிகமாக மாற்றி வாங்கியிருப்பதாகவும் சொல்கிறார். கிரயப் பத்திரத்தில் அனுமதியைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. நான் என்ன செய்ய வேண்டும்?

பதில்: அலுவலகத்தில் சொன்ன காரணம் சரியல்ல. ஆனாலும் உங்கள் விஷயத்தில் புதிய அனுமதிக்குப் போக வேண்டிய நிலைதான் இருக்கிறது. அனுமதி யார் பெயரில் உள்ளது என்பதல்ல அதற்குக் காரணம். அனுமதி தரப்பட்ட நிலம் இப்போது அந்த வடிவில் இல்லை. இந்த இரண்டையும் பிரித்துப் புரிந்துகொண்டால்தான் யாரிடம் எதைக் கேட்பது என்பது தெளிவாகும்.

முதலில் பெயர். தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம், 1971இன் 49ஆம் பிரிவின் கீழ்தான் திட்ட அனுமதி தரப்படுகிறது. விண்ணப்பத்தைப் பரிசீலிக்கும்போது அதிகாரி எவற்றைக் கவனிக்க வேண்டும் என்று அந்தப் பிரிவே சொல்கிறது: எந்த நோக்கத்துக்காக அனுமதி கேட்கப்படுகிறது, அந்த நோக்கத்துக்கு அந்த இடம் ஏற்றதா, அந்தத் திட்டப் பகுதியின் எதிர்கால வளர்ச்சிக்கும் பராமரிப்புக்கும் அது பொருந்துமா. விண்ணப்பதாரர் எப்படிப்பட்டவர் என்பது இந்தப் பட்டியலில் இல்லை. ஆராயப்படுவது நிலமும் அதில் வரப்போகும் கட்டடமும்தான். எனவே நிலம் கை மாறியது என்ற ஒரே காரணத்தால் அனுமதி செத்துப்போவதில்லை. சொத்துரிமை மாற்றுச் சட்டம், 1882இன் 8ஆம் பிரிவும் இதற்குத் துணை நிற்கிறது. வேறு எண்ணம் பத்திரத்தில் வெளிப்படாதவரை, எழுதிக் கொடுப்பவருக்குச் சொத்தில் இருந்த எல்லா உரிமையும், அதோடு சட்டப்படி சேர்ந்து வருபவையும் எழுதி வாங்குபவருக்குப் போய்ச் சேரும். உங்கள் பத்திரம் அனுமதியைப் பற்றி மௌனமாக இருப்பது ஒரு குறைதான், ஆனால் அதுவே உங்களைத் தடுத்துவிடாது.

சி.எம்.டி.ஏ.வின் அனுமதிக் கடிதங்களில் வழக்கமாக இடம்பெறும் ஒரு நிபந்தனையும் இதையே காட்டுகிறது. கட்டி முடிப்பதற்குள் இடத்தை விற்றாலோ குத்தகைக்கு விட்டாலோ, அதை உடனே சி.எம்.டி.ஏ.வுக்குத் தெரிவித்து, வாங்கியவரின் பெயரையும் முகவரியையும் கொடுத்து, அனுமதியின் நிபந்தனைகளுக்கு அவரைக் கட்டுப்படுத்த வேண்டும் என்று அது சொல்கிறது. விற்றதும் அனுமதி தானாக ரத்தாகிவிடும் என்றால் இப்படி ஒரு நிபந்தனைக்கே இடமிருக்காது. உங்களுக்கு விற்றவர் இந்தத் தகவலைத் தெரிவித்தாரா என்பதை உடனே கேளுங்கள். தெரிவிக்கவில்லை என்றால், நிபந்தனையை மீறியிருப்பவர் அவர்.

முழு மனையும் அப்படியே கை மாறியிருந்தால் இதோடு பதில் முடிந்திருக்கும். பெயர் மாற்றக் கோரி ஒரு விண்ணப்பம், பதிவான கிரயப் பத்திரத்தின் நகல், கிரயத்துக்குப் பிந்தைய தேதி வரை எடுத்த வில்லங்கச் சான்று, புதிய பெயரில் பட்டா, அசல் அனுமதி ஆணையும் அங்கீகரிக்கப்பட்ட வரைபடமும், விற்றவரின் ஆட்சேபணை இல்லா கடிதம், எல்லா நிபந்தனைகளுக்கும் கட்டுப்படுவதாக வாங்கியவரின் உறுதிமொழி, புதிதாக அமர்த்திய பதிவு பெற்ற பொறியாளர் அல்லது கட்டடக் கலைஞரின் ஒப்புதல் கடிதம். இவற்றைச் சேர்த்துக் கொடுக்க வேண்டும். இதில் பலர் தவறவிடுவது ஒன்று உண்டு. திட்ட அனுமதி வேறு, உள்ளாட்சி தரும் கட்டட அனுமதி வேறு. ஒன்றில் மட்டும் பெயரை மாற்றிவிட்டு வேலையைத் தொடங்கினால், வங்கி அடுத்த தவணையை விடுவிக்கும் நேரத்திலோ நிறைவுச் சான்று கேட்கும் நேரத்திலோ இரண்டு தாள்களில் இரண்டு பெயர் இருப்பதாகச் சொல்லிக் கோப்பைத் திருப்பி அனுப்புவார்கள். பழைய பொறியாளர் விலகி, புதியவர் பொறுப்பேற்றுக் கடிதம் கொடுக்கும் வரையிலான இடைவெளியில் தளத்தில் எந்த வேலையும் நடக்கக் கூடாது என்பதும் வழக்கமான நிபந்தனை.

இப்போது உங்கள் உண்மையான சிக்கலுக்கு வருவோம். அனுமதி நிலத்தோடு வரும் என்றால், அங்கீகரிக்கப்பட்ட வரைபடத்தில் காட்டிய முழு நிலத்தோடும் வரும் என்று பொருள். உங்கள் வரைபடத்தில் இருப்பது 4,800 சதுர அடி மனை. உங்களிடம் இருப்பது 2,400.

அந்த வரைபடத்தை வாங்கி மேசையில் விரித்து, விற்ற பாதிக்கும் வைத்துக்கொண்ட பாதிக்கும் நடுவே ஒரு கோடு போடுங்கள். ஒரு கணக்கைப் பார்ப்போம். ஒவ்வொரு தளமும் 35 அடிக்கு 50 அடி, அதாவது 1,750 சதுர அடி என்று வைத்துக்கொண்டால், மூன்று தளத்துக்கு 5,250 சதுர அடி. 4,800 சதுர அடி மனைக்கு இதன் தளப்பரப்புக் குறியீடு (எல்லாத் தளங்களின் மொத்தப் பரப்பை மனையின் பரப்பால் வகுத்தால் வருவது) சுமார் 1.09. தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள், 2019இன்படி உயரமல்லாத சாதாரணக் கட்டடத்துக்கு 2 வரை போகலாம் என்பதால் எந்தச் சிக்கலும் இல்லை. அதே 5,250ஐ 2,400 சதுர அடி மனையில் வைத்தால் குறியீடு 2.19 ஆகிவிடும். வரம்பைத் தாண்டிவிட்டது. கட்டடத்தில் ஒரு செங்கல்கூட மாறவில்லை. மனை சுருங்கியதே விதிமீறலை உண்டாக்கிவிட்டது.

அடுத்து பக்க இடைவெளி. உங்கள் பாதியின் அகலம் 40 அடி. கட்டடம் 35 அடி, கிழக்கே 4 அடி விட்டிருக்கிறார்கள் என்றால் மேற்கே மீதம் ஒரே ஒரு அடி. பழைய வரைபடத்தில் அந்தப் பக்கம் 41 அடி காலியிடம் இருந்தது, அதனால் யாரும் கேள்வி கேட்கவில்லை. இன்று அந்த 41இல் 40 அடி வேறொருவருடையது. அடுத்து வாகன நிறுத்தம். பெரிய மனையில் ஒரு பக்கமாகக் கட்டடம் வந்தால், வாகன நிறுத்தத்தையும் கழிவுநீர்த் தொட்டியையும் மழைநீர்ச் சேகரிப்புக் கிணற்றையும் காலியாக இருக்கும் மறுபக்கத்தில்தான் பெரும்பாலும் வரைவார்கள். அவை மேற்குப் பாதியில் காட்டப்பட்டிருந்தால், உங்கள் கட்டடத்துக்கான வாகன நிறுத்தம் விற்றவரின் நிலத்தில் இருக்கிறது. அதை அவர் நாளைக்கே சுவர் வைத்து மறைத்துவிடலாம்.

மனையைப் பிரிப்பதற்கும் தனியாகத் திட்ட அனுமதி வேண்டும். கிரயம் பதிவானதும் நில அளவையர் வந்து அளந்து, உட்பிரிவு எண் கொடுத்து, உங்கள் பெயரில் பட்டா வந்திருக்கலாம். அது வருவாய்த் துறையின் உட்பிரிவு, வரி விதிப்புக்கும் நில ஆவணத்துக்கும் உரியது. நகர் ஊரமைப்புச் சட்டத்தின் கண்ணில் அந்த மனை இன்னும் பிரியவில்லை. பட்டா வந்ததும் எல்லாம் முடிந்துவிட்டது என்று நினைத்துப் பலர் ஏமாறுவது இந்த இடத்தில்தான்.

ஆகவே, வெறும் பெயர் மாற்றத்துக்கு விண்ணப்பித்து 14 மாதங்களில் ஒரு பகுதியை வீணாக்காதீர்கள். பெயரை மாற்றித் தந்தாலும், அந்த வரைபடத்தின்படி உங்களால் கட்ட முடியாது. மீறிக் கட்டினால் நகர் ஊரமைப்புச் சட்டத்தின் 57ஆம் பிரிவின் கீழ் வேலையை நிறுத்தச் சொல்லவும், 56ஆம் பிரிவின் கீழ் அகற்றச் சொல்லவும், கட்டடத்தைப் பூட்டி முத்திரை வைக்கவும் அதிகாரம் உண்டு. அந்த நோட்டீஸ் இன்றைய உரிமையாளருக்குத்தான் வரும். நிலத்தோடு அனுமதி வருவதுபோலவே மீறலும் வரும். விற்றவர் போட்ட பிளிந்த் பீம் அங்கீகரித்த இடத்திலிருந்து நகர்ந்திருந்தால், அதற்கும் இனி பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள்தான். முதல் வேலையாக ஒரு பொறியாளரை வைத்து, பீமின் நான்கு மூலைகளிலிருந்தும் புதிய எல்லை வரை அளந்து, தேதியிட்டுக் கையொப்பம் வாங்கி வையுங்கள்.

உங்கள் முன் மூன்று வழிகள் உள்ளன.

விற்றவர் ஒத்துழைப்பார் என்றால், நீங்கள் இருவரும் கூட்டு விண்ணப்பதாரர்களாக 4,800 சதுர அடிக்கும் திருத்திய வரைபடம் கொடுக்கலாம். செலவு குறைவு, பீமும் தப்பும். ஆனால் இது உங்களை அவரோடு கட்டிப்போடும். மேற்குப் பாதியில் அவர் பிறகு கட்ட நினைத்தால் உங்கள் கையொப்பம் வேண்டும், உங்கள் வாகன நிறுத்தத்துக்கு அவருடைய நிலம் வேண்டும். அவர் மேற்குப் பாதியை மூன்றாவது ஒருவருக்கு விற்றால் நிலைமை இன்னும் மோசம். வேறு வழியே இல்லாவிட்டால் மட்டும் இதைத் தேர்ந்தெடுங்கள். அப்போதும் வாகன நிறுத்தத்துக்கான உரிமையைப் பதிவு செய்த பத்திரமாக வாங்காமல் விண்ணப்பத்தில் கையெழுத்துப் போடாதீர்கள்.

இரண்டாவது, மேற்கே இடைவெளிக்குத் தேவையான அகலத்துக்கு ஒரு பட்டையை அவரிடமே கிரயம் வாங்கி, அதன் பிறகு பிரிப்புக்கும் கட்டடத்துக்கும் சேர்த்து விண்ணப்பிப்பது. எத்தனை அடி வாங்குவது என்பதைப் பேரத்தில் முடிவு செய்யாதீர்கள். பொறியாளர் இடைவெளியையும் தளப்பரப்பையும் சேர்த்துக் கணக்கிட்டுச் சொல்லட்டும். மேலே சொன்ன எடுத்துக்காட்டில் 5,250 சதுர அடியையும் 2க்குள் கொண்டுவர மனை 2,625 சதுர அடியாவது இருக்க வேண்டும். அதாவது 60 அடி நீளத்தில் சுமார் 3 அடி 9 அங்குலம். அது பக்க இடைவெளிக்கும் போதுமா, வாகனம் எங்கே நிற்கும் என்பதையும் அதோடு சேர்த்தே பார்க்க வேண்டும். போதாவிட்டால் தரைத்தளத்தில் கடைக்குப் பதிலாகத் தூண்களுக்கு நடுவே வாகனம் நிறுத்தலாமா என்று யோசியுங்கள்.

மூன்றாவது, 2,400 சதுர அடிக்கு மட்டும் பிரிப்பு அனுமதியும் புதிய கட்டட வரைபடமும் வாங்குவது. பீமின் மேற்குப் பக்கம் உள்ளே நகர வேண்டிவரும், அந்தச் செலவு உங்களைச் சுடும். ஆனாலும் முடிவில் உங்கள் நிலம், உங்கள் பெயர், உங்கள் வரைபடம் மூன்றும் ஒன்றோடொன்று பொருந்தியிருக்கும். விற்றவர் பட்டையை நியாயமான விலைக்குத் தரத் தயங்கினால் இதையே நான் பரிந்துரைப்பேன். எந்த வழியில் போனாலும், பழைய அனுமதிக்காகச் செலுத்திய வளர்ச்சிக் கட்டணத்தின் ரசீதுகளை இணைத்து, அதைக் கணக்கில் எடுத்துக்கொள்ளுமாறு எழுத்து மூலம் கேளுங்கள். காப்புத் தொகை கட்டப்பட்டிருந்தால் அது கட்டியவர் பெயரில் இருக்கும். அதைத் திரும்பப் பெறுவது யார் என்பதையும் விற்றவரிடம் இப்போதே எழுதி வாங்கிவிடுங்கள்.

அவர் சொல்லும் பவர் யோசனையை ஏற்கவே ஏற்காதீர்கள். கிழக்குப் பாதிக்கு அவர் இன்று உரிமையாளரே அல்ல. தன்னிடம் இல்லாத உரிமையை ஒருவர் அதிகாரப் பத்திரத்தால் உங்களுக்குக் கொடுக்க முடியாது. அவர் பெயரில் கட்டிக்கொண்டே போனால், உரிமை மாறியதை மறைத்ததாகும். தவறான தகவலோ மறைப்போ இருந்தால் அனுமதி ரத்தாகும், அதுவரை கட்டியது அனுமதியற்ற கட்டுமானமாகக் கருதப்படும் என்பதும் அனுமதிக் கடிதத்தில் இருக்கும் நிபந்தனைதான். அவருடைய மறைவுக்குப் பிறகு வாரிசுகள் வந்து நின்றால் அந்தப் பவர் தாளுக்கு மதிப்பே இருக்காது.

இதைவிட அவசரமான ஒன்று உண்டு. அனுமதி அவர் பெயரில் இருப்பதால், அவர் தனியாகப் போய் அதைத் திருத்தி வாங்கவோ ஒப்படைத்துவிடவோ முயலலாம். மேற்குப் பாதியில் கட்டுவதற்காக அதே கோப்பைப் பயன்படுத்தவும் பார்க்கலாம். ஆகவே உங்கள் கிரயப் பத்திரத்தின் நகலோடு, அனுமதி எண்ணைக் குறிப்பிட்டு, “மனையின் கிழக்குப் பாதி எனக்குச் சொந்தமானது, என்னைக் கேட்காமல் இந்த அனுமதியில் எந்தத் திருத்தமும் செய்ய வேண்டாம்” என்று சி.எம்.டி.ஏ.வுக்கும் உள்ளாட்சிக்கும் ஒப்புகையோடு கூடிய ஸ்பீட் போஸ்டில் இந்த வாரமே அனுப்புங்கள்.

ஆவணங்களைப் பற்றி. அவர் நிலத்தில் ஒரு பகுதியை வைத்துக்கொண்டதால், சொத்துரிமை மாற்றுச் சட்டத்தின் 55(3) பிரிவுப்படி மூல ஆவணங்களை அவரே வைத்துக்கொள்ள உரிமை உண்டு. ஆனால் நீங்கள் நியாயமாகக் கேட்கும்போதெல்லாம் உங்கள் செலவில் அவற்றைக் காட்டவும், உண்மை நகல் கொடுக்கவும் அவர் கடமைப்பட்டவர். அனுமதி ஆணையையும் வரைபடத்தையும் அவர் தர மறுத்தால், தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005இன் கீழ் 10 ரூபாய் கட்டணத்தோடு பொதுத் தகவல் அலுவலருக்கு விண்ணப்பித்து, அனுமதிக் கோப்பின் சான்றிட்ட நகலைக் கேளுங்கள். பதிலுக்கான கெடு 30 நாள். வரைபடம் மட்டும் போதாது. நிபந்தனைக் கடிதம், ரசீதுகள், சாலை விரிவாக்கத்துக்காகத் தானப் பத்திரம் எழுதிக் கொடுத்திருந்தால் அதன் நகல் எல்லாவற்றையும் பெயர் சொல்லிக் கேளுங்கள். தானமாகப் போன நிலத்தையும் சேர்த்து உங்களுக்கு 2,400 என்று விற்றிருந்தால், உங்கள் மனையின் அளவே இன்னும் குறையும்.

விற்றவர்மீது வழக்கு நிற்குமா என்று கேட்கத் தோன்றும். தனக்குத் தெரிந்த, வாங்குபவருக்குத் தெரியாத முக்கியக் குறையைச் சொல்ல வேண்டியது அதே சட்டத்தின்... சொத்துரிமை மாற்றுச் சட்டத்தின் 55(1)(அ)இன்படி விற்பவரின் கடமை. ஆனால் சாதாரணக் கவனத்தோடு பார்த்தால் வாங்குபவரே கண்டுபிடித்திருக்கக்கூடிய குறைக்கு அந்தக் கடமை நீளாது. வரைபடத்தைக் காட்டித்தான் விற்றார் என்றால் உங்கள் வழக்கு பலவீனமானது. “இந்த அனுமதியிலேயே நீங்கள் கட்டலாம்” என்று எழுத்திலோ வாட்ஸ்அப்பிலோ சொல்லி, கூடுதல் விலை வாங்கியிருந்தால் அது வேறு விஷயம். அந்தச் செய்திகளை அழிக்காமல் வையுங்கள்.

நில உபயோக மாற்றம் பற்றிய கேள்விக்குச் சுருக்கமாகவே பதில் சொல்ல முடியும். அது முறைப்படி திட்டத்தைத் திருத்திச் செய்யப்பட்டிருந்தால் சர்வே எண்ணோடு ஒட்டியது. பெயர் மாற்றமே தேவையில்லை. வாய்வார்த்தையை நம்பாமல் ஆணையின் நகலை வாங்கி, உங்கள் சர்வே எண்ணும் உட்பிரிவும் அதில் அடங்குகிறதா, குறிப்பிட்ட ஒரு பயன்பாட்டுக்கு மட்டும் என்று வரம்பு உள்ளதா என்று பாருங்கள்.

இதே விதியை எல்லா உரிமத்துக்கும் நீட்டிவிடக் கூடாது என்பதையும் சொல்ல வேண்டும். உள்ளாட்சி தரும் தொழில் உரிமம், தொழில் நடத்தும் ஆளைச் சேர்ந்தது. கடையை வாங்கியவர் தன் பெயரில் புதிதாக எடுக்க வேண்டும். சுற்றுச்சூழல் முன் அனுமதியை 2006ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி மாற்றிக்கொள்ளலாம், ஆனால் விண்ணப்பித்துத்தான். மனைவணிகத் திட்டத்தையே ஒரு கட்டுநர் இன்னொருவருக்குக் கைமாற்றினால், 2016ஆம் ஆண்டு மனைவணிக (ஒழுங்குமுறை மற்றும் மேம்பாடு) சட்டத்தின் 15ஆம் பிரிவுப்படி, வீடோ மனையோ ஒதுக்கீடு பெற்றவர்களில் மூன்றில் இரண்டு பங்கினரின் எழுத்துப்பூர்வ முன் சம்மதமும் மனைவணிக ஒழுங்குமுறை ஆணையத்தின் ஒப்புதலும் வேண்டும்.

இனி மனை வாங்கப் போகிறவர்கள், கட்டுமான அனுமதி உள்ள சொத்து என்றால் கிரயப் பத்திரத்தில் இப்படி ஒரு பத்தியைச் சேர்க்கச் சொல்லுங்கள்: “மேற்படி சொத்து தொடர்பாகப் பெறப்பட்ட ............ எண், ............ நாளிட்ட திட்ட அனுமதி, கட்டட அனுமதி, அங்கீகரிக்கப்பட்ட வரைபடங்கள், செலுத்தப்பட்ட கட்டணங்கள், காப்புத் தொகை ஆகியவற்றின் பேரில் எழுதிக் கொடுப்பவருக்குள்ள எல்லா உரிமைகளும் எழுதி வாங்குபவரையே சேரும். அவற்றைப் பெயர் மாற்றம் செய்ய எழுதிக் கொடுப்பவர் தேவையான எல்லாக் கையொப்பங்களும் செய்து கொடுப்பார். இந்நாள்வரை அனுமதியின் நிபந்தனை எதுவும் மீறப்படவில்லை.” கடைசி வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள், பின்னால் இழப்பீடு கேட்க அதுவே பிடிமானம்.

அனுமதிக் காலம் நீட்டிக்கப்பட வேண்டுமானால் அது முடிவதற்குள் விண்ணப்பிக்க வேண்டும். முடிந்தபின் நீட்டிப்பு இல்லை, புதிய விண்ணப்பம்தான். எந்த நாள்வரை என்பது ஆணையிலேயே இருக்கும். கடைசியாக, அலுவலகத்தில் வாய்மொழியாகச் சொல்லும் “முடியாது” என்பதை எதிர்த்து மேல்முறையீடு செய்ய முடியாது. விண்ணப்பத்தை எழுத்தில் கொடுத்து, தேதி முத்திரையோடு ரசீது வாங்கி, நிராகரித்தால் காரணத்தோடு எழுத்தில் தரும்படி கேளுங்கள். அந்த எழுத்துப்பூர்வ ஆணை கையில் இருந்தால் நகர் ஊரமைப்புச் சட்டத்தின் 79ஆம் பிரிவின் கீழ் மேல்முறையீடும், அதற்குப் பிறகு உயர் நீதிமன்றத்தில் நீதிப்பேராணை மனுவும் உங்களுக்குத் திறந்திருக்கும்.